பத்து வெள்ளியும் ஒரு தோட்டமும்



நிலம் வாங்குவது, வீடு வாங்குவது, வாங்கியதை வைத்து நாலு காசு பெருக்குவது ஆகியவை பற்றிப் பட்டணத்தில் பேசாதவர் இல்லை. ஜொகூர் பாருவில் ஒரு தேநீர்க் கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும். எந்தத் தாமானில் வீட்டு விலை ஏறுகிறது, எந்தப் பக்கம் புதுச் சாலை வருகிறது, சிங்கப்பூரில் வேலை செய்கிறவர்கள் எங்கே வீடு தேடுகிறார்கள் என்பதெல்லாம் தானாகவே காதில் விழும். தோட்டப்புறத்தில் இருக்கும் நம் குடும்பங்கள் இந்தப் பேச்சை யாரோ வீட்டுக் கல்யாணச் செய்திபோலக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. நாம் குடியிருப்பது கம்பெனி வீடு, நாம் வேலை செய்வது கம்பெனிக் காடு, நிலத்துக்கும் நமக்கும் என்ன என்ற எண்ணந்தான் காரணம்.

ஆனால் கையில் முதல் இல்லாத தொழிலாளர்கள் ஒன்றுகூடி ஒரு முழுத் தோட்டத்தையே வாங்கிய வரலாறு இந்த நாட்டில் உண்டு. வாங்கியவர்கள் நம் பால்மரத் தொழிலாளர்கள்தான். நிலத்தில் முதன்முதலாகப் பணம் போட நினைக்கும் ஒரு குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டிய பல செய்திகள் அந்த வரலாற்றிலேயே இருக்கின்றன. இன்று அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

நம் ஜொகூர் மண்ணிலிருந்தே தொடங்கலாம். பால்மரம் வருவதற்கு முன்னால் இங்கே மிளகும் கம்பீரும் விளைந்தன. கம்பீர் என்பது தோல் பதனிடவும் சாயம் போடவும் பயன்பட்ட ஒரு செடி. சிங்கப்பூரிலிருந்து வந்த சீனர்கள் ஆற்றங்கரைகளில் காட்டை அழித்து இவற்றைப் பயிரிட்டார்கள். அப்படிப் பயிரிடுவதற்கு அன்றைய ஜொகூர் ஆட்சியாளரான தெமெங்கோங் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். சூராட் சுங்கை, அதாவது ஆற்றுச் சீட்டு என்று அதற்குப் பெயர். முதல் ஆற்றுச் சீட்டு 1844ஆம் ஆண்டு எழுதப்பட்டது. இந்த ஆற்றிலிருந்து அந்த ஆறு வரை இன்னாருக்கு உரிமை என்று அதில் இருக்கும். சீட்டு வைத்திருந்த தலைவருக்குக் கங்சூ என்று பெயர். கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்று இன்றும் நாம் சொல்லும் ஊர்ப் பெயர்கள் அந்தக் காலத்தின் மிச்சம். கங்சூ முறை 1917இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. காட்டை வெட்டிய கூலியாட்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். சீட்டு மட்டும் ஒருவர் பெயரில் இருந்தது. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வந்த காலத்திலும் இதே கதைதான் வேறு உடையில் நடந்தது.

ரப்பர் வந்தது. கெமாசிலிருந்து ஜொகூர் பாரு வரை இரயில் பாதை 1909இல் முடிந்தது. செகாமட், லாபிஸ், பாலோ, குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று பாதையை ஒட்டித் தோட்டங்கள் எழுந்தன. இலண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கான ஏக்கருக்குக் கிராண்டு வாங்கின. காட்டை அழிக்கவும் கன்று நடவும் பால் வெட்டவும் கங்காணிமார் மூலமாகத் தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் கொண்டுவரப்பட்டார்கள். கம்பெனியின் பெயர் கிராண்டில் ஏறியது. நம் தாத்தாவின் பெயர் கிராணியாரின் செக்ரோலில் ஏறியது. செக்ரோலில் பெயர் இருக்கும்வரை லயத்தில் இடம் உண்டு. பெயரை அடித்துவிட்டால் வேலையோடு வீடும் போயிற்று. பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் ஆயாக் கொட்டகையும் கோயிலும் எல்லாமே கம்பெனி நிலத்தில் இருந்ததால், ஒரு குடும்பம் ஒரே நாளில் அத்தனையையும் இழக்க நேரும்.

நம்மவர்கள் சேமிக்கத் தெரியாதவர்கள் என்று சிலர் சொல்வதுண்டு. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தோட்டத்துத் தாய்மார்கள் கழுத்திலும் காதிலும் பொன்னாகச் சேமித்தார்கள். மாடு வளர்த்தார்கள். தபால் நிலையச் சேமிப்பு இருந்தது. 1922இல் கூட்டுறவுச் சட்டம் வந்தபின் பல தோட்டங்களில் சிக்கனக் கடனுதவிச் சங்கங்கள் நடந்தன. ஊரில் காணி வாங்கத் தமிழ்நாட்டுக்குப் பணம் அனுப்பியவர்களும் ஏராளம். எல்லாவற்றுக்கும் மேலாகக் கூட்டுப் பிடித்தார்கள். இருபது பேர் சேர்ந்து மாதாமாதம் ஒரு தொகை போட்டு, முறைவைத்து ஒருவர் எடுத்துக்கொள்வதைத்தான் சொல்கிறேன். நம் தமிழ்ச் சொல்லான கூட்டு மலாய் மொழியிலும் குத்து என்று புகுந்துவிட்டது. அது சட்டப் புத்தகத்திலும் ஏறியது. 1971இல் அரசாங்கம் கொண்டுவந்த தடைச் சட்டத்தின் பெயரே கூட்டு நிதித் தடைச் சட்டம். பணத்தை வாங்கிக்கொண்டு ஓடிப்போனவர்கள் பெருகியதால் வந்த சட்டம் அது. மாதந்தவறாமல் பணம் போடும் பழக்கம் நம்மிடம் இருந்தது. அந்தப் பணத்துக்குக் காவலாகப் பதிவும் கணக்கும்தான் இல்லை.

இந்த நிலையில்தான் தோட்டத் துண்டாடல் என்ற இடி விழுந்தது. வயதான நேயர்களுக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். 1948இல் அவசரகாலம் தொடங்கியது. வெள்ளைக்காரத் துரைமார்கள் அஞ்சியபடியே தோட்டத்தை நடத்தினார்கள். 1957இல் நாடு சுதந்திரம் அடையும் காலத்தில், இனி இங்கே என்ன ஆகுமோ என்று பல கம்பெனிகள் யோசித்தன. மரங்களும் கிழடாகிவிட்டன. மறுநடவுக்குப் பணம் போடுவதைவிட விற்றுவிட்டுப் போவது மேல் என்று அவற்றுக்குத் தோன்றியது.

வாங்கியது யார்? உள்ளூர் வியாபாரிகள் நாலைந்து பேர் கூட்டாகச் சேர்ந்துகொள்வார்கள். முழுப் பணமும் அவர்களிடம் இராது. ஒரு பகுதியை முன்பணமாகக் கட்டிவிட்டு மீதிக்குத் தவணை கேட்பார்கள். அந்தத் தவணை முடிவதற்குள் தோட்டத்தை ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று கூறுபோட்டு விற்றுவிடுவார்கள். விற்ற பணத்தில் கம்பெனிக்குச் சேரவேண்டியதைக் கொடுத்துவிட்டால் மிச்சமெல்லாம் இலாபம். மரம் நடவில்லை, பால் வெட்டவில்லை, ஒரு வருடம் காத்திருக்கவும் இல்லை. துண்டு வாங்கியவர் குடும்பத்தோடு வந்து தாமே பால் வெட்டிக்கொள்வார். அல்லது குறைந்த கூலிக்குக் குத்தகை ஆள் வைப்பார். நூற்றுக்கணக்கான தொழிலாளர்களுக்கு அங்கே வேலை இல்லை. குடும்பங்கள் போனதும் தமிழ்ப் பள்ளி காலியாகும். கோயில் யாரோ ஒருவருடைய ஐந்து ஏக்கருக்குள் மாட்டிக்கொள்ளும்.

அந்த வியாபாரிகளை நாம் திட்டலாம். திட்டவும் செய்தோம். ஆனால் ஒன்றைப் பாருங்கள். அவர்களில் யாரும் தனியாளாக ஒரு தோட்டத்தை வாங்கிவிடவில்லை. அவர்களும் கூட்டாகத்தான் பணம் போட்டார்கள். தோட்டத்தை உடைக்கப் பயன்பட்ட அதே வழியைத் தோட்டத்தைக் காப்பாற்றவும் பயன்படுத்தலாம் என்று யாராவது ஒருவர் நினைக்க வேண்டியிருந்தது.

இந்தத் துண்டாடலை நேரில் ஆராய்ந்தவர் பேராசிரியர் உங்கு அசிஸ். ஜொகூர் அரச குடும்ப வழி வந்தவர் அவர். மலாயாப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரத் துறையிலிருந்து 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பற்றிய அவருடைய பெரிய ஆய்வு 1962இல் வெளிவந்தது. கிராமத்து முஸ்லிம்கள் ஹஜ் யாத்திரைக்காக நிலத்தையும் மாட்டையும் விற்றுவிட்டுத் திரும்பி வந்து வறுமையில் வாடுவதைக் கண்டு, சிறுகச் சிறுகச் சேமிக்க ஓர் அமைப்பு வேண்டும் என்று 1959இல் யோசனை சொன்னவரும் இவரேதான். இன்று தாபோங் ஹாஜி என்று வளர்ந்து நிற்பது அந்த யோசனையிலிருந்து பிறந்ததுதான். ஏழையின் பணம் சிறியதாக இருப்பதை அவர் பெரிய குறையாக நினைக்கவில்லை. அது சிதறிக் கிடப்பதுதான் அவர் கண்ட குறை.

இனி துன் வீ.தி. சம்பந்தன் அவர்களிடம் வருவோம். பேராக்கிலுள்ள சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்தவர். அவருடைய தகப்பனார் தமிழ்நாட்டிலிருந்து வந்து உழைத்து ரப்பர்த் தோட்டம் சேர்த்தவர். ஆகையால் கிராண்டு என்றால் என்ன, செக்ரோல் என்றால் என்ன என்ற இரண்டும் சம்பந்தனுக்கு வீட்டிலேயே தெரிந்திருந்தன. 1955இல் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவரானார். அதே ஆண்டில் அமைச்சருமானார். துண்டாடலை நிறுத்துங்கள் என்று அரசாங்கத்தைக் கேட்பது ஒரு வழி. அதற்குக் காலம் ஆகும். விற்கிறவன் விற்கத்தான் செய்வான், வாங்குகிறவர்களில் நாமும் ஒருவராக இருந்தால் என்ன என்பது இன்னொரு வழி. 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பதிவானது.

அமைச்சராக இருந்துகொண்டே அவர் தோட்டந் தோட்டமாகப் போனார். தலைக்குப் பத்து வெள்ளி போடுங்கள் என்று கேட்டார். இன்று பத்து வெள்ளி இரண்டு பேர் பசியாறக்கூடக் காணாது. அன்றோ அது ஒரு பால்மரத் தொழிலாளியின் பல நாள் கூலி. அரிசிக் கடனும் கடைக் கணக்கும் நெஞ்சில் நிற்கும்போது அந்தப் பணத்தை எடுத்து, கண்ணால் பார்த்திராத ஒரு சங்கத்துக்குக் கொடுப்பது எளிதா? அதற்கு முன்னால் கூட்டுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு போனவனை அவர்களுக்குத் தெரியும். தலைவர்களின் பேச்சையும் அவர்கள் நிறையக் கேட்டிருந்தார்கள். ஆனாலும் கொடுத்தார்கள். என் கருத்தில் இந்த வரலாற்றின் பெரிய மனிதர்கள் அந்தப் பத்து வெள்ளியைக் கொடுத்தவர்கள்தான். சம்பந்தன் கேட்டார் என்பதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். வீட்டில் இரண்டு பேர் அடுப்பங்கரையில் உட்கார்ந்து, கொடுப்பதா வேண்டாமா என்று விடிய விடியப் பேசியிருப்பார்களே, அதை எழுதியவர் அதிகம் இல்லை.

சிறு பணம் எப்படிப் பெரிய நிலமாகும் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது வெறும் கணக்குக்காகத்தான். ஒரு தோட்டம் 2,000 ஏக்கர், ஏக்கர் 1,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 இலட்சம் வெள்ளி. ஒரு தொழிலாளி ஆயுள் முழுதும் உழைத்தாலும் இதை எட்ட முடியாது. ஆளுக்கு 100 வெள்ளி என்றால் 20,000 பேர் வேண்டும். ஆனால் விலையில் கால் பங்கைக் கட்டிவிட்டு, மீதியைத் தோட்டத்தின் வருமானத்திலிருந்தே ஆண்டுதோறும் அடைக்க ஏற்பாடு செய்தால் 5,000 பேர் போதும். அந்த 5,000 பேரும் 100 வெள்ளியை ஒரே நாளில் கொடுக்க வேண்டியதில்லை, மாதம் பத்துப் பத்தாகக் கொடுக்கலாம் என்றால், மலையாகத் தெரிந்தது மேடாகத் தெரியும். நிலத்தில் பணம் போடுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். வீடு வாங்குகிறவர் முன்பணம் கட்டி வங்கிக் கடன் எடுத்து, வாடகையை வைத்துத் தவணை கட்டுவதும் இதே கணக்கின் சிறிய வடிவமே.

கடனுக்கு ஓர் ஆபத்து உண்டு. ரப்பர் விலை விழுந்தாலும் தவணை விழாது. தனியாள் ஒருவர் அப்படி மாட்டிக்கொண்டால் நிலம் ஏலத்துக்குப் போகும். ஆயிரக்கணக்கானவர் பங்கு போட்ட சங்கத்துக்கு அந்த அடியைத் தாங்கும் சக்தி கொஞ்சம் அதிகம்.

இந்த யோசனை உலகத்துக்குப் புதிதல்ல. ஜொகூரில் முதல் ஆற்றுச் சீட்டு எழுதப்பட்டது 1844இல் என்று சொன்னேன் அல்லவா? அதே 1844இல் இங்கிலாந்தில் ரோச்டேல் என்ற ஊரில் நெசவாளர்கள் உள்ளிட்ட 28 தொழிலாளர்கள் ஆளுக்கு ஒரு பவுன் சேர்க்கத் தீர்மானித்தார்கள். ஒரு பவுன் மொத்தமாகக் கொடுக்க வழியில்லாமல் வாரத்துக்குச் சில பென்ஸ் என்று கட்டினார்கள். சேர்ந்த 28 பவுனை வைத்து டிசம்பர் 21ஆம் தேதி மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்கும் ஒரு சிறு கடையைத் திறந்தார்கள். உலகக் கூட்டுறவு இயக்கம் அந்தக் கடையைத்தான் தன் தாய்வீடாகச் சொல்லிக்கொள்கிறது. கடையைப் பற்றிப் பலருக்குத் தெரியும். அவர்கள் எழுதிவைத்த நோக்கங்களில் இன்னும் இரண்டு இருந்தன. உறுப்பினர்கள் குடியிருக்க வீடுகள் வாங்குவது அல்லது கட்டுவது ஒன்று. வேலை இழந்த உறுப்பினர்கள் பயிர் செய்வதற்கு நிலம் வாங்குவது மற்றொன்று. வேலை போனால் வீடும் சோறும் போய்விடும் என்ற பயம் ரோச்டேல் நெசவாளிக்கும் இருந்தது, நம் பால்மரத் தொழிலாளிக்கும் இருந்தது. இரண்டு பேருக்கும் தோன்றிய மருந்தும் ஒன்றாகவே இருந்தது.

தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் முதலாவதாக வாங்கியது கெடா மாநிலத்திலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம். கூறுபோட்டு விற்கப்படும் என்று அஞ்சிய காலத்தில் ஒரு தோட்டம் முழுத் தோட்டமாகவே தொழிலாளர்களின் சங்கத்துக்கு வந்தது. செக்ரோலில் இருந்தவர்கள், தாங்கள் பங்கு போட்ட சங்கத்தின் நிலத்தில் பிரட்டுக்கு நின்றார்கள். அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கம் பல தோட்டங்களை வாங்கியது. 1979ஆம் ஆண்டு மே மாதம் சம்பந்தன் காலமானபோது, பல்லாயிரம் உறுப்பினர்களைக் கொண்ட பெரிய அமைப்பாக அது வளர்ந்திருந்தது.

இந்த இடத்தில் நேர்மையாகச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். சங்கம் காப்பாற்றிய தோட்டங்களைவிடக் காப்பாற்ற முடியாமல் போனவை மிக அதிகம். அதுமட்டுமல்ல, சங்கத்தின் நிலம் சங்கத்தின் பெயரில்தான் இருந்தது. பங்குக்காரர்களுக்கு இலாப ஈவு வந்தது, வேலை நிலைத்தது. ஆனால் ஒவ்வொரு குடும்பமும் குடியிருக்கத் தன் பெயரில் ஒரு வீட்டுமனை என்ற தேவை அதனால் தீர்ந்துவிடவில்லை. கூட்டாக ஒரு தோட்டம் வைத்திருப்பதும், சொந்தமாக ஒரு வீடு வைத்திருப்பதும் வெவ்வேறு காரியங்கள். முதலாவதைச் செய்துவிட்டோம் என்ற பெருமையில் இரண்டாவதைப் பல குடும்பங்கள் தள்ளிப் போட்டன என்றே நினைக்கிறேன்.

துண்டாடலின் கொடுமை சட்டத்திலும் ஒரு தழும்பை விட்டுச் சென்றது. 1966இல் நடைமுறைக்கு வந்த தேசிய நிலச் சட்டத்தில் பின்னர் 214ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 40 ஹெக்டேருக்குக் குறையாத, அதாவது ஏறத்தாழ 100 ஏக்கரும் அதற்கு மேலுமான தோட்ட நிலத்தைக் கைமாற்றத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்பது அதன் சாரம்.

துண்டு போடுவது அடங்கியது. ஆனால் ஜொகூரில் வேறொரு காற்று வீசத் தொடங்கியது. 1974இல் செனாய் விமான நிலையம், 1977இல் பாசிர் கூடாங் துறைமுகம், 1994இல் முழுமையடைந்த வடக்கு தெற்கு நெடுஞ்சாலை, 1998இல் சிங்கப்பூருக்கு இரண்டாவது பாலம், 2006இல் இஸ்கந்தர் வட்டாரத் திட்டம் என்று ஒவ்வொன்றும் வர வர, பால் தந்த நிலத்தைவிட வீடு தந்த நிலம் பல மடங்கு விலை போயிற்று. மவுண்ட் ஆஸ்டின் என்றால் இன்றைய இளைஞர்களுக்குக் கடைத்தெருவும் சாப்பாட்டுக் கடைகளும் நினைவுக்கு வரும். அது பால்மரத் தோட்டத்தின் பெயர். ஸ்கூடாய்ப் பக்கத்து முத்தியாரா ரினி என்ற குடியிருப்பின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ரினியும் தோட்டத்தின் பெயரே.

அப்படித் தோட்டம் தாமானாக மாறியபோது யாருக்கு என்ன கிடைத்தது? 1980ஆம் ஆண்டின் வேலைநீக்க இழப்பீட்டு விதிகளின்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் 20 நாள் சம்பளம். இருபது ஆண்டு வெட்டியவருக்கு 400 நாள் சம்பளம். அவர் வெட்டிய நிரை வீட்டுமனையாகி விலை ஏறிய பணம் முழுவதும் கிராண்டில் பெயர் இருந்தவருக்குப் போயிற்று. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. செக்ரோலுக்கு ஒரு கணக்கு, கிராண்டுக்கு ஒரு கணக்கு.

அந்த 400 நாள் சம்பளமும், 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதியில் சேர்ந்த பணமும் கையில் வரும் நாள்தான் ஒரு தோட்டக் குடும்பத்தின் வாழ்க்கையில் மிக முக்கியமான நாள், மிக ஆபத்தான நாளும் அதுவே. ஆயுளில் ஒரு தடவைதான் அவ்வளவு பணம் சேர்ந்து வருகிறது. மோட்டார் வண்டி, திருமணச் செலவு, பழைய கடன், உறவினர் கைமாற்று என்று ஆறு மாதத்தில் கரைந்த கதைகள் எத்தனையோ. சேமநிதியில் ஒரு பகுதியை வீடு வாங்குவதற்காக முன்னதாகவே எடுக்க வழி இருக்கிறது. 2024 மே மாதம் முதல் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டபின், அதற்குரியது செஜாத்ரா எனப்படும் இரண்டாம் கணக்கு. வேலை இருக்கும்போதே இதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. சம்பளச் சீட்டு உள்ளவருக்குத்தான் வங்கி கடன் கொடுக்கும். தோட்டம் விற்றபிறகு வங்கிக்குப் போனால், சம்பளம் எங்கே என்று கேட்பார்கள்.

கூட்டாகச் சேர்ந்தால் எல்லாம் நலமாக முடியும் என்றும் நான் சொல்ல வரவில்லை. 1982இல் மலேசிய இந்தியர் காங்கிரசின் முயற்சியில் மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற கம்பெனி தொடங்கியபோது, நம் மக்கள் நகையை அடகு வைத்தும் பங்கு வாங்கினார்கள். பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் திரண்டது. ஒரு பங்கு ஒரு வெள்ளி. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து 2010இல், பங்குக்கு 80 காசு விலை பேசப்பட்டு அந்தக் கதை முடிவுக்கு வந்தது. நிலநிதிச் சங்கத்தில் போட்ட பத்து வெள்ளியையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நம்பிக்கையோடுதான் பணம் கொடுத்தோம். ஒன்றில் வாங்கிய தோட்டத்தைப் போய்ப் பார்க்கலாம், மரத்தை எண்ணலாம். மற்றொன்றில் பணம் எந்தெந்தத் தொழிலுக்குள் போயிற்று என்பதைச் சாதாரணப் பங்குக்காரர் பின்தொடர முடியவில்லை.

இன்றைக்கு வேறு வகைத் துண்டாடல் ஒன்று நடக்கிறது. இதில் துண்டை வாங்கி ஏமாறுகிறவர் நம்மைப் போன்ற சிறு குடும்பத்தார். பட்டணத்துக்குக் கொஞ்சம் தள்ளி விவசாய நிலம் இருக்கும். அதில் கல் நட்டு, சாலை போட்டு, வீட்டுமனை என்று மலிவாக விற்பார்கள். பங்கு கிராண்டு, உங்கள் பெயரும் அதில் ஏறும் என்பார்கள். பெயர் ஏறலாம், ஆனால் பத்துப் பதினைந்து பெயர்களில் ஒன்றாக ஏறும். எந்த மூலை உங்களுடையது என்று கிராண்டில் இராது. தேசிய நிலச் சட்டப்படி விவசாய நிலத்தைப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் ஐந்தில் இரண்டு ஹெக்டேருக்கு, ஏறத்தாழ ஓர் ஏக்கருக்குக் குறையக்கூடாது. ஐயாயிரம் சதுர அடிக்குத் தனிக் கிராண்டு கேட்டால், நிலத்தின் வகையை மாற்ற அனுமதி கிடைக்காதவரை நில அலுவலகம் கொடுக்க முடியாது. வீடு கட்ட அனுமதியும் வங்கிக் கடனும் சிரமம். உடன் பங்காளி ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசுகளைத் தேட வேண்டும். மலிவாக இருந்ததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கும்.

ஆகையால் புதிதாக நிலமோ வீடோ வாங்குகிறவர், விற்கிறவர் காட்டும் நகலை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டாம். நில அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டினால் அந்த நிலத்தின் பதிவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உரிமையாளர் யார், நிலம் விவசாயத்துக்கா குடியிருப்புக்கா, நிரந்தர உரிமையா குத்தகையா, குத்தகை என்றால் இன்னும் எத்தனை ஆண்டு, வங்கியில் அடமானம் இருக்கிறதா, யாராவது தடைமனுப் போட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். புது வீடு என்றால் கட்டுமானக் கம்பெனிக்கு உரிமமும் விற்பனை அனுமதியும் உண்டா என்று கேளுங்கள். வாடகைக்கு விடலாம் என்ற எண்ணத்தோடு வாங்குகிறவர், நிலவரி, வீட்டுவரி, பழுதுபார்ப்பு, ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் மாதங்கள் ஆகியவற்றைக் கழித்துவிட்டுத்தான் வாடகையைக் கணக்கிட வேண்டும். முதல் வீட்டை வாடகைக்காக வாங்குவதா, குடியிருக்க வாங்குவதா என்று என்னைக் கேட்டால், லயத்தில் இருக்கும் குடும்பத்துக்குக் குடியிருக்கும் வீடே முதலில் என்பேன்.

இன்னொரு செய்தி. நில அலுவலகத்துக்குப் போகிறவர்கள் தாத்தா, அப்பா பெயரில் ஏதேனும் மனையோ மலிவுவிலை வீடோ பெயர் மாறாமல் கிடக்கிறதா என்பதையும் பாருங்கள். இறந்தவர் பெயரிலேயே நிலத்தை விட்டுவைத்து, வரி மட்டும் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி, நீதிமன்றம் போகாமல் நில அலுவலகத்திலேயே வாரிசுகள் மனுக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். சாதாரண வீடுகள் அந்தச் சட்டத்துக்குள் அடங்கும். இறப்புச் சான்றிதழ், கிராண்டு நகல், வாரிசுகளின் அடையாளக் கார்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

வீட்டில் பாட்டியின் பழைய தகரப் பெட்டி இருந்தால் அதையும் ஒருமுறை கிளறிப் பார்க்கலாம். அறுபதுகளில் பத்துப் பத்தாகக் கட்டிய நிலநிதிச் சங்கத்தின் பங்குச் சான்றிதழோ உறுப்பினர் புத்தகமோ அதன் அடியில் கிடக்கக்கூடும். கோலாலம்பூரில் ஜாலான் சுல்தான் சுலைமானில் உள்ள விஸ்மா துன் சம்பந்தனில் சங்கத்தின் அலுவலகம் இருக்கிறது. உறுப்பினர் எண்ணைச் சொல்லி விசாரியுங்கள்.